பன்னிரண்டு வீட்டுப் பலகாரம்

2024-ஆம் ஆண்டுத் தீபாவளி கழிந்து பத்து நாட்கள் ஆகியிருந்தன. சேலத்துக்கு மேற்கே உள்ள ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிட நாம் சென்றிருந்தோம். நூல் இருப்பு, ஜவுளி இருப்பு, கூலிப் பட்டுவாடா ஆகியவற்றைப் பார்த்து முடிக்கப் பிற்பகல் மூன்று மணி ஆயிற்று. அச்சங்கத்தின் நிர்வாகக் குழுவில் அம்மையார் ஒருவர் உறுப்பினராக இருக்கிறார். அறுபது வயதைக் கடந்தவர். இன்றும் தறியில் அமர்பவர். அவர் தம் வீட்டிலிருந்து ஒரு தட்டில் இரண்டு அதிரசமும், கருஞ்சிவப்பு நிறத்தில் ஒரு துண்டுக் கேக்கும் கொண்டு வந்து வைத்தார்.

கேக்கு முதல் நாள் செய்ததாம். அதிரசமோ தீபாவளிக்குச் செய்தது. பத்து நாளாகியும் மெத்தென்றே இருந்தது. “எந்தக் கடையில் வாங்கியது, அம்மா?” என்று கேட்டோம்.

“கடையா? எல்லாம் இந்தத் தெருவில் செய்ததுங்க, ஐயா. கணக்கு வேண்டுமானாலும் பாருங்கள்” என்று கூறி, நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றை நம் முன் வைத்தார்.

கணக்கு என்ற சொல்லைக் கேட்டால் நம் கை சும்மா இராது. புரட்டிப் பார்த்தோம். பென்சிலால் எழுதிய கணக்கு, ஆயினும் ஒழுங்கானது. வரவு: பன்னிரண்டு குடும்பம், குடும்பத்துக்கு 185 ரூபாய், ஆக 2,220 ரூபாய். செலவு: பச்சரிசி 12 கிலோ 720 ரூபாய், வெல்லம் 9 கிலோ 450 ரூபாய், கடலை எண்ணெய் 4 லிட்டர் 800 ரூபாய், ஏலம், சுக்கு, எள் 100 ரூபாய், விறகு 150 ரூபாய், ஆக 2,220 ரூபாய். வரவுக்கும் செலவுக்கும் ஒரு ரூபாய் வித்தியாசமில்லை. அதன் கீழே, “மொத்தம் அதிரசம் 650. வீட்டுக்கு 50” என்று எழுதியிருந்தது.

கூட்டிக் கழித்தால் ஓர் அதிரசத்தின் அடக்க விலை மூன்று ரூபாய் நாற்பத்திரண்டு காசு. மகிழ்ச்சியே. ஆனால் பன்னிரண்டு ஐம்பது அறுநூறுதானே? மீதி ஐம்பது அதிரசம் எங்கே போயிற்று என்று கேட்டோம். அம்மையார் சிரித்தார். “அதற்கும் கணக்கு இருக்கிறதுங்க. முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்” என்றார். அவர் சொல்லக் கேட்டவற்றையும், பின்னர் நாமே செய்து பார்த்தவற்றையும் அங்கத்தினர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சீட்டு போன கதை

ஐப்பசி மாதம் நெசவாளர் குடும்பத்தை இரண்டு பக்கமும் இழுக்கும் மாதம் என்பதை நாம் சொல்லித்தான் அங்கத்தினர்கள் அறிய வேண்டுமென்பதில்லை. மழை பிடித்துக்கொண்டால் தறிக்குழியில் ஈரம் ஏறுகிறது. தெருவில் பாவு நீட்ட முடிவதில்லை. போட்ட கஞ்சி காய்வதில்லை. வேலை குறைகிறது, கூலியும் குறைகிறது. சரியாக அந்த நேரத்தில்தான் பண்டிகையும் வந்து வாசலில் நிற்கிறது. புதுத் துணி, எண்ணெய், பட்டாசு, பலகாரம், தலைத் தீபாவளி மாப்பிள்ளைக்குச் சீர் என்று செலவு வரிசையாக வருகிறது.

இதைச் சமாளிக்க அத்தெருவினர் தனியார் ஒருவரிடம் தீபாவளிச் சீட்டுக் கட்டி வந்தனர். மாதம் தவறாமல் பணம் கட்டினால், பண்டிகைக்கு முன் இனிப்பும் காரமும் பட்டாசும் ஒரு பித்தளைப் பாத்திரமும் கிடைக்கும் என்பது ஏற்பாடு. 2022-ஆம் ஆண்டில் ஆடி மாதம் பணம் வாங்க வந்தவர் ஆவணியில் வரவில்லை. புரட்டாசியில் அவருடைய வீடு பூட்டிக் கிடந்தது. கட்டிய பணத்துக்கு ரசீதும் கிடையாது. பிள்ளைகள் முகத்தைப் பார்த்துப் பலர் அவ்வாண்டு கடையில் கடனாக இனிப்பு வாங்கினர். அந்த இனிப்பு ஒரு வாரத்தில் தீர்ந்துவிட்டது. கடன் தைப் பொங்கல் வரையிலும் தீரவில்லை.

“அன்றைக்குத்தான், ஐயா, இனிமேல் நம் வீட்டுப் பலகாரத்தை நம் கையாலேயே செய்துகொள்வது என்று முடிவு கட்டினோம்” என்றார் அம்மையார்.

இங்கே நாம் ஒரு கேள்வி கேட்டோம். சாமான்களின் விலையை எழுதியிருக்கிறீர்கள். உழைப்புக்குக் கூலி எழுதவில்லையே? உழைப்பைக் கணக்கில் சேர்க்காவிட்டால் எந்தப் பண்டமும் மலிவாகத்தானே தோன்றும்? அதற்கு அவர், “மழையில் தறி சும்மா கிடந்த இரண்டு நாளில் செய்தோம். தறி ஓடியிருந்தால் நான் அடுப்பண்டை போயிருக்கவே மாட்டேன்” என்றார். நமக்கு இது நியாயமாகப் பட்டது. ஓடும் தறியை நிறுத்திவிட்டுப் பலகாரம் சுடுவது சிக்கனம் ஆகாது. சும்மா கிடக்கும் நாளைப் பயன்படுத்துவதே சிக்கனம்.

மஞ்சள் வெல்லமும் கறுப்பு வெல்லமும்

2023-ஆம் ஆண்டில் முதன்முறையாகக் கூடிச் செய்தபோது இவர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. கடையில் பார்க்க அழகாக, தங்கம்போல் மின்னிய வெல்லத்தை வாங்கி வந்தனர். பாகு சரியாகக் கூடவில்லை. மாவைத் தட்டி எண்ணெயில் இட்டதும் அதிரசம் உதிர்ந்து பொடியாயிற்று. நான்கு கிலோ அரிசி வீணாகும் நிலை. பொடியானதை அள்ளிப் பால் ஊற்றிப் பாயசமாக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துச் சமாளித்தனராம்.

மறு ஆண்டு, பரமத்தி வேலூர்ப் பக்கம் கரும்பு பயிரிடும் உறவினர் ஒருவர் வழியாக, ஆலைக் கொட்டகையிலிருந்தே 30 கிலோ சிப்பம் ஒன்று வரவழைத்தனர். அதில் 9 கிலோ அதிரசத்துக்கு. எஞ்சியதை வாங்கிய விலைக்கே வீட்டுச் செலவுக்குப் பங்கிட்டுக்கொண்டனர். பழுப்பும் கறுப்பும் கலந்த நிறம், கண்ணுக்குக் கவர்ச்சியில்லை. ஆனால் பாகு முதல் முறையிலேயே கூடி வந்தது.

இதன் காரணத்தை அறிய நாம் அப்பக்கம் சென்றபோது விவசாயி ஒருவரிடம் விசாரித்தோம். கரும்புச் சாற்றைக் கொப்பரையில் காய்ச்சும்போது மேலே திரளும் அழுக்கை நீக்க வேண்டும். அதற்குச் சுண்ணாம்பும், வெண்டைச் செடியின் தண்டை இடித்தெடுத்த வழவழப்பான சாறும் நெடுங்காலமாக வழங்கி வருபவை. இவ்வாறு காய்ச்சிய வெல்லம் பழுப்பாகத்தான் இருக்கும். சந்தையில் மஞ்சள் நிறத்துக்கே விலை என்பதால், ஹைட்ரோஸ் என்று வழங்கும் சோடியம் ஹைட்ரோசல்பைட்டு என்ற வெளுப்பு மருந்தைச் சிலர் சேர்க்கின்றனர். கந்தகம் சேர்ந்த அம்மருந்து நிறத்தை வெளுக்கச் செய்கிறது. வெல்லத்தின் குணத்தைச் சிறிதும் கூட்டுவதில்லை. அந்த மஞ்சள் நிறமும் நிலையானதன்று. இருப்பில் வைத்தால் நாளடைவில் மங்கிப் போகிறது.

“மருந்து போட எங்களுக்கு மட்டும் ஆசையா, ஐயா? அதற்கும் காசுதான் செலவாகிறது. கறுப்பு வெல்லம் என்றால் ஏலத்தில் விலை இறங்குகிறது. வாங்குகிறவர்கள் கறுப்பைக் கேட்டால் நாங்கள் கறுப்பையே காய்ச்சித் தருவோம்” என்றார் அந்த விவசாயி.

அங்கத்தினர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். விவசாயியின் வெல்லத்தை நெசவாளி நிறம் பார்த்து வாங்குகிறார். நெசவாளியின் புடவையை விவசாயி சாயத்தின் பளபளப்பைப் பார்த்து வாங்குகிறார். இருவரும் கண்ணை நம்பி ஏமாறுகின்றனர். அதிரசம் தட்டும் கை மட்டும் ஏமாறுவதில்லை. வீட்டில் பண்டம் செய்யும் வழக்கம் நிலைத்தால்தான் நல்ல சரக்கை இன்னதென்று அறியும் பழக்கமும் நிலைக்கும்.

அதிரசம் செய்யும் முறை

பாகில் செய்யும் பண்டம் தமிழருக்குப் புதிதன்று. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையிலேயே, பாகு சேர்த்து அப்பம் சுடும் கூவியரைக் காண்கிறோம். அவர்கள் அறிந்திருந்த பாகுப் பதம்தான் இன்றும் அதிரசத்தின் உயிர்.

ஒரு கிலோ பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நீரை முற்றும் வடித்து, நிழலில் துணியின்மேல் பரப்ப வேண்டும். நன்றாகக் காயவிடக் கூடாது. கையில் அள்ளிப் பிடித்தால் ஈரம் தட்ட வேண்டும்; அந்த நிலையிலேயே அரைத்துச் சலிக்க வேண்டும். கடையில் விற்கும் உலர்ந்த அரிசி மாவு இதற்கு உதவாது.

வெல்லம் 750 கிராம். அது கரைவதற்கு வேண்டிய அளவு தண்ணீரில் கரைத்து, மண்ணும் தூசியும் போக வடிகட்டி, மீண்டும் அடுப்பில் ஏற்ற வேண்டும். பாகு நுரைத்துத் தடிக்கும்போது, கிண்ணத்து நீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கவும். கரைந்து ஓடினால் பதம் போதாது. விரலால் திரட்டும்போது மெத்தென்ற உருண்டையாக வந்தால் அதுவே பதம். உருண்டை கெட்டியாகித் தட்டில் போட்டால் ஓசை எழுப்புமானால் பதம் முற்றிவிட்டது என்று பொருள். அது கடலை உருண்டைக்கு ஆகும், அதிரசத்துக்கு ஆகாது.

பாகை இறக்கி, ஏலம், சுக்கு, எள் சேர்த்து, மாவைச் சிறிது சிறிதாகத் தூவிக் கட்டியில்லாமல் கிளற வேண்டும். மாவு முழுவதையும் ஒரேயடியாகக் கொட்டிவிடாமல் ஒரு கைப்பிடியை நிறுத்தி வைத்துக்கொள்வது நல்லது. கலவை சப்பாத்தி மாவைவிடச் சற்று இளக்கமாக இருக்கட்டும். ஆறியதும் தானே இறுகும். மேலே சிறிது நெய் தடவி, வாயைத் துணியால் கட்டி, குறைந்தது ஒரு நாள் வைத்திருக்க வேண்டும். பின்னர் எலுமிச்சம்பழ அளவு எடுத்து வாழையிலையில் தட்டி, மிதமான தீயில் ஒவ்வொன்றாகச் சுட்டு, இரண்டு தட்டைக் கரண்டிகளுக்கு இடையே அழுத்தி எண்ணெயைப் பிழிந்துவிட வேண்டும்.

முதலில் ஒன்றே ஒன்றைச் சுட்டுப் பார்ப்பது அறிவுடைமை. எண்ணெயில் உதிர்ந்தால் பாகு இளம் பதம் என்று அறிந்து, நிறுத்தி வைத்த மாவில் சிறிது சேர்த்துப் பிசைக. கல்போல் இருந்தால் பாகு முற்றிவிட்டது. சிறிது பால் தெளித்துப் பிசைந்தால் ஓரளவு சரியாகும். சங்கத்தில் ஒரு முழுப் பாவுக்குச் சாயம் தோய்க்கும் முன் ஒரு கழி நூலைத் தோய்த்துப் பார்ப்பதில்லையா? அதே முறைதான் இதுவும்.

அடுப்பில் மணல், மணலில் கேக்கு

கேக்கு என்றவுடன், அது பெரிய ரொட்டிக் கடைகளுக்கு உரியது என்று நம்மவர் எண்ணுகின்றனர். 1883-ஆம் ஆண்டில் தலச்சேரியில் மாம்பள்ளி பாபு என்பவர், ஆங்கிலேயர் ஒருவர் கொண்டு வந்த கேக்கின் மாதிரியைப் பார்த்து, உள்ளூரில் கிடைத்த பொருள்களைச் சேர்த்துக் கிறிஸ்துமஸ் கேக்கு செய்து கொடுத்தார் என்று கூறுவர். அவ்வாறே நம் ஊரில் விளையும் கேழ்வரகையும் வெல்லத்தையும் கடலை எண்ணெயையும் கொண்டு, மின்சார அடுப்பின் துணையின்றிக் கேக்கு செய்ய முடியும். அத்தெருவில் கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி இம்முறையைக் கற்றுக் கொடுத்தாளாம்.

வேண்டிய பொருள்கள்: கேழ்வரகு மாவு 100 கிராம், கோதுமை மாவு 100 கிராம், பொடித்துச் சலித்த வெல்லம் 150 கிராம், தயிர் 100 மில்லி, கடலை எண்ணெய் 80 மில்லி, காய்ச்சி ஆறிய பால் சுமார் 100 மில்லி, நன்கு பழுத்த பூவன் பழம் இரண்டு, பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, சமையல் சோடா அரைத் தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு, சிறிது ஏலம்.

கோதுமையில் உள்ள பசைத் தன்மை கேழ்வரகில் இல்லை. ஆகவேதான் இரண்டையும் சரிபாதியாகக் கலக்கிறோம். கேழ்வரகு 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. பிள்ளைகளுக்கும் முதியோருக்கும் இது எவ்வளவு வேண்டியது என்பதைக் கூற வேண்டியதில்லை. 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியதும் இத்தகைய தானியங்களின் பெருமையை உணர்த்தவே.

அடி கனத்த பெரிய இரும்புச் சட்டியில், கழுவிக் காயவைத்த மணலையோ கல்லுப்பையோ இரண்டு விரற்கடை உயரம் பரப்பி, நடுவில் ஒரு சிறு வளையத்தை வைத்து, தட்டால் மூடிப் பத்து நிமிடம் மிதமான தீயில் சூடாக்கவும். இதற்குள், மாவு வகைகளையும் பவுடரையும் சோடாவையும் உப்பையும் ஏலப்பொடியையும் சேர்த்து இரு முறை சலிக்கவும். வெல்லம், தயிர், எண்ணெய், பால், பிசைந்த பழம் ஆகியவற்றை வேறு பாத்திரத்தில் நன்றாகக் கடையவும். இரண்டையும் ஒன்று சேர்த்த பின் அதிகம் கலக்கக் கூடாது. மாவு மறைந்தால் போதும். தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்தவுடன் வாயு எழத் தொடங்குகிறது. அந்தக் குமிழ்களே கேக்கை உப்பச் செய்பவை. ஆகவே தாமதிக்காமல், எண்ணெய் தடவி மாவு தூவிய பாத்திரத்தில் முக்கால் பங்குக்கு மேற்படாமல் ஊற்றி, வளையத்தின்மேல் வைத்து மூடிவிட வேண்டும். சிறு தீயில் நாற்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம் ஆகும். நடுவில் ஓர் ஈர்க்குச்சியைக் குத்தி எடுத்தால் மாவு ஒட்டாமல் வர வேண்டும்.

முதல் அரைமணி நேரத்துக்கு மூடியைத் திறக்கவே கூடாது. இதை நாம் அனுபவத்தில் கண்டு கூறுகிறோம். நம் வீட்டில் முதல் முறை செய்தபோது, தணிக்கைப் பழக்கத்தால் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மூடியைத் தூக்கிப் பார்த்தோம். வெப்பம் வெளியேறியது, உப்பி வந்த கேக்கு நடுவில் கிணறுபோல் உள்வாங்கியது. பிள்ளைகள் அதைக் கேழ்வரகுக் களி என்று பெயரிட்டு உண்டனர். இரண்டாம் முறை நம் இல்லத்தரசி நம்மைக் கடைக்கு அனுப்பிவிட்டுக் கேக்கைச் சுட்டார். நன்றாக வந்தது.

இன்னும் ஓர் எச்சரிக்கை. பிரஷர் குக்கரில் இவ்வாறு செய்வோர் அதன் ரப்பர் வளையத்தையும் எடையையும் கட்டாயம் அகற்றிவிட வேண்டும். உறவினருக்கும் நண்பருக்கும் செய்து கொடுப்பது வேறு, விலைக்கு விற்பது வேறு. விற்க நினைப்பவர்கள் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி முதலில் பதிவு பெற்றுக்கொள்ள வேண்டும்.

பதின்மூன்றாம் பங்கு

எல்லாவற்றையும் கேட்டு முடித்த பின், நாம் நமது பழைய கேள்விக்கே திரும்பினோம். அந்த ஐம்பது அதிரசம்?

அம்மையார் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அத்தெருவின் கோடியில் ஒரு வீடு. அவ்வீட்டு நெசவாளி ஆவணி மாதத்தில் காலமானார். மனைவியும் பள்ளிக்குச் செல்லும் இரண்டு பிள்ளைகளும் இருக்கின்றனர். துக்கம் நேர்ந்த வீட்டில் அந்த ஆண்டு பண்டிகை இல்லை. எண்ணெய்ச் சட்டி வைப்பதும் இல்லை. ஆனால் அக்கம்பக்கத்தார் கொண்டு போய்க் கொடுப்பது வழக்கம். பெரியவர்கள் துக்கம் காக்கலாம். தெருவெல்லாம் பலகார மணம் வீசும்போது பிள்ளைகள் என்ன செய்வர்?

கூடிச் செய்யப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அந்தப் பெண்மணி 185 ரூபாயை எடுத்துக்கொண்டு வந்தாராம். இவரும் 2022-ஆம் ஆண்டில் சீட்டுப் பணத்தைத் தோற்றவர்களில் ஒருவர். பணத்தை இவர்கள் வாங்கவில்லை. “இந்த வருஷம் நீ செய்யக் கூடாது, சாமி. எங்கள் வீட்டிலிருந்துதான் உன் வீட்டுக்கு வர வேண்டும். அடுத்த வருஷம் முதல் பங்கு உன்னிடம்தான் வாங்குவோம்” என்று சொல்லித் திருப்பி அனுப்பினர். பண்டிகையன்று விடியற்காலையில் பன்னிரண்டு பங்கும் பிரிப்பதற்கு முன்னதாகவே ஐம்பது அதிரசம் அந்த வீட்டுக்குப் போய்விட்டது.

“சரி, அம்மா. அதை நோட்டில் எழுதியிருக்கலாமே?” என்று கேட்டோம்.

“பெயரை எழுதினால் அது தர்மம் ஆகிவிடுமுங்க, ஐயா. எழுதாவிட்டால் அது வெறும் பலகாரம். வாங்குகிறவளுக்கும் கூச்சம் இல்லை” என்றார் அவர்.

ஆய்வாளர் என்ற முறையில் நாம் அனுமதிக்கக் கூடாத ஒரு விடுபாடு அது. ஆனால் அந்த நோட்டுப் புத்தகம் சங்கத்தின் பதிவேடு அன்று. அது நம் அதிகாரத்துக்கு உட்பட்டதும் அன்று. பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, தட்டில் இருந்த இரண்டாவது அதிரசத்தையும் எடுத்துக்கொண்டோம்.

2025-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை கூட்டுறவு ஆண்டாக அறிவித்ததை அங்கத்தினர்கள் அறிவர். அவ்வாண்டில் பல மேடைகளில் கூட்டுறவின் தத்துவம் விளக்கப்பட்டது. பன்னிரண்டு பேர் பணம் போட்டுப் பதின்மூன்று பங்கு பிரித்த அந்தப் பென்சில் கணக்கைவிடத் தெளிவான விளக்கத்தை நாம் எங்கும் கேட்டதில்லை.

வருகிற பண்டிகைக்கு அங்கத்தினர்கள் தத்தம் தெருவில் இதைச் செய்து பார்க்கலாம். பத்துக் குடும்பம் சேர்ந்தால் போதும். தறி ஓடாத நாளையும், வயலில் வேலையில்லாத நாளையும் தேர்ந்துகொள்ளுங்கள். வெல்லத்தைக் கறுப்பாகவே கேட்டு, இயன்றால் விளைவிப்போரின் சங்கத்திலேயே வாங்குங்கள். வரவு செலவை அன்றன்றே எழுதி, எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். பங்கு பிரிக்கும்போது மட்டும், சேர்ந்தவர் தொகையோடு ஒன்றைக் கூட்டிப் பிரியுங்கள். அந்த ஒரு பங்கு போய்ச் சேர வேண்டிய வீடு ஒவ்வொரு தெருவிலும் இருக்கும்.